தேயிலை மலையில் பேர் எழுதிய கணக்கு

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ‘செக்ரோல்’ என்று வழங்கும் நீண்ட பதிவேடு ஒன்று உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதில் ஒரு வரி. மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆஜராகி, கணக்கப்பிள்ளை பிரித்துவிட்ட மலைக்குச் சென்று, மாலை நிறுவைவரை நின்று, நிர்வாகம் விதித்த அளவு கொழுந்தைக் கொண்டுவந்து கொட்டியவளுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு முழுநாள் குறிக்கப்படும். அளவில் சில இறாத்தல் குறைந்தவளுக்கு, அவளும் அதே மழையில் அதே நேரம் நின்றவளே ஆயினும், அரைநாள்தான் விழும். முன்னதைப் ‘பேர்’ என்றும், பின்னதை ‘அரைப்பேர்’ என்றும் தோட்டத்து ஜனங்கள் சொல்வார்கள். ஊழியரின் உற்பத்தித் திறன் என்றும், நிர்வாகத்தின் பொறுப்பு என்றும் இன்று பெரிய பெரிய நிறுவனங்களில் விவாதிக்கப்படும் விஷயங்கள் யாவும், அந்தச் சொற்கள் எவர் காதிலும் விழாத காலத்திலேயே, இந்தப் பதிவேட்டின் கட்டங்களுக்குள் மிகத் தெளிவாகத் தீர்மானிக்கப்பட்டுவந்தன. உழைப்பவரைக் கணக்குக் கேட்கும் முறை அங்கே அதிசயிக்கத்தக்க நுட்பத்துடன் வளர்ந்தது. உழைப்பை ஏவுபவரைக் கணக்குக் கேட்கும் முறையோ, ஒரு நூற்றாண்டுக் காலம் போராடி, ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு ஷரத்தாகப் பெறவேண்டியிருந்தது. அந்த வரலாற்றையே இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தேயிலைக்கு முன்னே காப்பி. 1820-களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸின் ஊக்கத்தால் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் முதல் தோட்டங்களுள் ஒன்றை அமைத்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காடழித்துக் காப்பியிடும் வேகம் பெருகியபோது, சொந்த வயலும் சேனையும் உடைய கண்டிச் சிங்களக் குடியானவர்கள் அன்றாடக் கூலிக்குப் பிறர் நிலத்தில் நிற்க இசையவில்லை. ஆகவே திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சை முதலிய ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களை நோக்கித் தோட்டக்காரர்களின் பார்வை திரும்பியது. பஞ்சமும், கடனும், சாதிக் கொடுமையும் அங்கிருந்து மக்களை வெளியே தள்ளுவதற்குப் போதுமானவையாக இருந்தன. அவர்கள் கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார்க் கரையேறி, அங்கிருந்து காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று பல நாள் நடந்து மலையேறினார்கள். வாந்திபேதியாலும், காய்ச்சலாலும், தண்ணீரின்மையாலும் அவ்வழியில் விழுந்தவர் அநேகர். விழுந்தவருக்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஏனெனில் தோட்டத்துரையின் பொறுப்பு, அந்த மனிதர் அவருடைய பெரட்டுக் களத்தில் வந்து நிற்கும் அன்றுதான் தொடங்கியது.

துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றவர் கங்காணி. இவரைப் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் உண்டு. தம் ஊராரையும் உறவினரையும் அழைத்துவந்து, அந்நிய நாட்டில் அவர்களுக்குத் தலைவராய், மத்தியஸ்தராய், நல்லது கெட்டதுக்கு முன்னிற்பவராய் இருந்தவர் என்பது ஒன்று. அவர்களைக் கடன் என்னும் விலங்கால் பூட்டி விற்றவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே என்பது என் எண்ணம். ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டு காரியங்களையும் செய்திருக்கக்கூடும். தோட்டம் அவருக்கு முன்பணம் கொடுக்கும். அதைக்கொண்டு அவர் ஊருக்குச் சென்று, ஒரு குடும்பத்தின் பழைய கடனைத் தீர்த்து, வழிச்செலவுக்குக் கொடுத்து, ஆட்களைத் திரட்டிவருவார். கொடுத்த காசும், தோணிக் கூலியும், வழியில் உண்ட சோறும், குளிருக்குப் போர்த்திய கம்பளியும் எல்லாம் அந்தத் தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்படும். வேலைக்கு வந்தவன் தன் முதல் நாள் உழைப்பைத் தொடங்குமுன்னே கடனாளியாகி நின்றான். மாதச் சம்பளமும் நெடுங்காலம் கங்காணி கை வழியாகவே பட்டுவாடா ஆயிற்று. அதில் அரிசிக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதைக் கங்காணியின் வாய்மொழியே தீர்மானித்தது. எழுத்தறியாத மக்களுக்கு எழுத்திலிருந்த கணக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது.

இந்தக் காலத்தில் சட்டம் எந்தப் பக்கம் நின்றது என்பதை 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் தெள்ளெனக் காட்டுகிறது. எஜமானரையும் ஊழியரையும் பற்றிய அந்தச் சட்டத்தின்படி, ஊழியன் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குவதும், வேலையில் அலட்சியம் காட்டுவதும், கீழ்ப்படிய மறுப்பதும் குற்றங்கள். அவற்றுக்குச் சிறைத்தண்டனை உண்டு. இரு தரப்பார் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு தரப்பார் மீறினால் நஷ்டஈடு கேட்பதுதான் சாதாரண நியாயம். ஆனால் மலைநாட்டில் வேலையை விட்டுப் போனவனைப் போலீஸார் பிடித்துவந்து நீதிபதியின்முன் நிறுத்தினர். மந்தமாக வேலை செய்வது என்பது, தொழில் நிர்வாகம் சம்பந்தப்பட்ட விஷயமாக இராமல், குற்றவியல் சம்பந்தப்பட்ட விஷயமாக ஆயிற்று. ஊழியரைக் கவனத்துடன் பழக்கி, போஷித்து, ஊக்கப்படுத்தி வேலை வாங்கும் கலையை நிர்வாகம் கற்கவேண்டிய அவசியம் ஏன் எழவில்லை என்று யோசிக்கும்போது, இந்தச் சட்டம் அதற்குப் பெரிதும் காரணமாயிற்று என்றே தோன்றுகிறது. சிறைச்சாலை அருகிருக்கையில் சிரமம் எடுத்துக்கொள்பவர் யார்?

காப்பியின் வீழ்ச்சி இந்த ஒருதலை வழக்கில் முதல் விரிசலை உண்டாக்கியது. 1869-இல் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளில் ஒருவித மஞ்சள் துரு காணப்பட்டது. அது ஒரு பூஞ்சண நோய். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மலைநாட்டுக் காப்பி முழுவதையும் அது தின்று தீர்த்தது. 1884-இல் தோட்டங்களுக்குப் பெருமளவில் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் போண்டியாகித் தோட்டங்களைக் கைவிட்டனர். பல மாதச் சம்பளம் பாக்கியிருந்த தொழிலாளர்கள் எவரிடம் சென்று கேட்பது என்று அறியாமல் தவித்தார்கள். தோட்டத்தின் மீது அடமானம் பெற்றவர்கள் சொத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொத்தை உண்டாக்கியவர்களின் கூலி எவர் கணக்கிலும் இல்லை. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, தொழிலாளரின் சம்பளப் பாக்கியை அந்தத் தோட்டத்தின் மீதான முதல் பாத்தியதையாக ஆக்கியது. தோட்டம் கைமாறினாலும், மற்றக் கடன்காரர் எவராயினும், கூலிக்குப் பிறகே அவர்கள் நிற்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், மலைநாட்டின் தொழிற் சட்டங்கள் யாவற்றிலும் இது மிகவும் நியாயமான கருத்தை உள்ளடக்கியது. ஆயினும் அதிகம் பேசப்படாதது. அதைத் தொடர்ந்து 1889-இல் வந்த 13-ஆம் இலக்கச் சட்டம், மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று விதித்தது. இரண்டு மாதம் வரை தாமதித்துச் சம்பளம் கொடுக்கலாம் என்பதையே ஒரு பாதுகாப்பாக எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னிருந்த நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

காப்பி போய்த் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை, அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகள் முழுவதும் பரவியது. காப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்ததும் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். தேயிலையோ ஓய்வறியாப் பயிர். ஏழு முதல் பத்து நாளுக்கொரு முறை ஒவ்வொரு மலையிலும் கொழுந்து எடுத்தாக வேண்டும். தவறினால் இலை முற்றிவிடும். ஆண்டு முழுவதும் கை வேண்டும்; அதுவும் பொறுமையும் விரைவும் ஒருங்கே வாய்ந்த கை வேண்டும். ஆதலால் பெண்களும் குழந்தைகளும் குடும்பத்தோடு வந்து, லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் நிலைத்தார்கள். ஆண்கள் கவ்வாத்து வெட்டினர், முள்ளுக் குத்தினர், கான் வெட்டினர், உரம் போட்டனர், பெண்கள் கொழுந்தெடுத்தனர்.

அந்த வேலையின் அளவைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். தலையிலிருந்து தொங்கும் கயிற்றில் முதுகுக் கூடை; இடுப்பில் சாக்குப் படங்கு; காலில் ஒன்றுமில்லை. செடியின் தளிர்மட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்காக மட்டக் கம்பை மேலே கிடத்திவிட்டு, இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளிக் கைநிறைந்ததும் தோளுக்குப் பின்னே வீசுவாள். காம்பு நீண்டால் வசவு. முற்றல் இலை கலந்தால் வசவு. காலையிலும், நண்பகலிலும், மாலையிலுமாக மும்முறை நிறுவை. ரோட்டோரம் தராசைத் தொங்கவிட்டுக் கணக்கப்பிள்ளை நிற்பார். பெண்கள் வரிசையாக வந்து கூடையை மாட்டுவார்கள். முள் அசைந்து நிற்கும் இடத்தைப் பார்ப்பவரும் அவரே. அதை வாய்விட்டுச் சொல்பவரும் அவரே. கொப்பியில் எழுதுபவரும் அவரே. கூடையின் எடைக்கென்று ஒரு கழிவு; மழை நாளாயின் இலையில் ஒட்டிய ஈரத்துக்கென்று மற்றொரு கழிவு. கழித்தது போக மிஞ்சியதே அவளுடைய எடை. கழிவு சரியா என்று கேட்பதற்கு அவளுக்கு இடமில்லை; தொழிற்சாலைக்குச் சென்ற இலை அங்கே மறுபடி நிறுக்கப்படும்போது, இரண்டு நிறுவைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவர் பேரில் வரவு வைக்கப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரியாது. விதித்த அளவுக்கு மேல் எடுத்தால் இறாத்தலுக்கு இவ்வளவு என்று கைக்காசு உண்டு, குறைந்தால் அரைப்பேர். விடியற் பெரட்டுக்குப் பிந்தி வந்தவளை அன்று வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு.

இவ்வளவு நுணுக்கமாக அளக்கப்பட்ட உழைப்புக்கு மேலே ஒரு பெரிய ஏணி இருந்தது. கணக்கப்பிள்ளையும் கண்டக்டரும் சின்னதுரைக்குப் பதில் சொன்னார்கள், சின்னதுரை பெரியதுரைக்கு, பெரியதுரை கொழும்பிலுள்ள ஏஜென்ஸி கம்பெனிக்கு, ஏஜென்ஸி கம்பெனி லண்டனிலுள்ள டைரக்டர்களுக்கு, அவர்கள் பங்குதாரர்களுக்கு. அவ்வப்போது விசிட்டிங் ஏஜண்ட் என்னும் உத்தியோகஸ்தர் வந்து தோட்டத்தைச் சுற்றிப்பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையின் ஜீவநாடி ஓர் இறாத்தல் தேயிலையை உற்பத்தி செய்ய எத்தனை சென்ட் செலவாயிற்று என்பதே. ஆகவே பொறுப்பு என்பது தோட்டத்தில் இல்லாமலில்லை, ஏராளமாகவே இருந்தது. ஆனால் அது எப்போதும் மேல் நோக்கியே பாய்ந்தது. துரை தம் மேலாளருக்குக் காட்டவேண்டியது செலவின் சுருக்கம். அதைச் சுருக்க அவர் கைக்கு எளிதில் எட்டிய வழி, நாளொன்றுக்கு விழும் பேர்களைக் குறைப்பது, அல்லது ஒரு பேருக்கு வேண்டிய கொழுந்தைக் கூட்டுவது. லயத்தின் கூரை ஒழுகிற்றா, பீலித் தண்ணீர் சுத்தமா, பிள்ளை பெற்றவள் எத்தனை நாளில் மலையேறினாள் என்பவை அந்த ஏணியின் எந்தப் படியிலும் நெடுங்காலம் கேட்கப்படாத கேள்விகள்.

கங்காணியையும் இதே கணக்கு ஆட்டிவைத்தது. அவருடைய ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ, ஆளொன்றுக்கு ஓரிரு சென்ட் வீதம் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஊக்கத்தொகை என்று இன்று சொல்லுகிறோமே, அதன் பழைய உருவம் இது. இதன் பலன் என்ன? காய்ச்சலில் கிடந்தவரையும் லயத்து வாசலில் நின்று எழுப்பிப் பெரட்டுக்கு விரட்டுவது கங்காணிக்கு லாபமாயிற்று. அவர் இயல்பிலேயே இரக்கமற்றவர் என்று சொல்லிவிடுவது எளிது. இரக்கப்படும் நாளில் தலைக்காசு குறையும்படி ஏற்பாடு செய்தவர் யார் என்று கேட்பதே நியாயம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலையோடு ரப்பரும் பெருகவே, ஆட்களுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. ஆட்சேர்ப்பைச் சீர்படுத்துவதற்காக 1904-இல் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்னும் ஸ்தாபனத்தைத் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியில் நிறுவினார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்றைத் தொழிலாளியின் கழுத்தில் கட்டி அனுப்பும் முறையும் அக்காலத்ததே; அந்தத் தகரத்தைக் காட்டினால் வழிச்செலவை உரிய தோட்டத்தின் பேரில் எழுதிக்கொள்வார்கள். தட்டுப்பாட்டின் மற்றொரு விளைவு ‘துண்டு’ முறை. ஒரு தோட்டத்துக் கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், ‘இவரும் இவர் ஆட்களும் பட்டிருக்கும் இவ்வளவு ரூபாய்க் கடனைச் செலுத்துபவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன்’ என்று துரை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைவார். ஆள் வேண்டிய துரை அந்தத் தொகையைக் கட்டி, மேற்கொண்டும் முன்பணம் கொடுத்து அனைவரையும் வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் வளர்ந்தது. கூடுதல் பணம் கங்காணியின் மடியில் ஏறியது. கூடுதல் கடன் தொழிலாளியின் தலையில் ஏறியது. தன்னை எவ்வளவுக்கு விற்றார்கள் என்பதே அறியாமல் மனிதன் விற்கப்பட்டான்.

1909-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூலியை நேரே தொழிலாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் துண்டு நீடித்தது. இந்த நிலைமையைக் கண்டித்தவர்களுள் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் ஸர் பொன்னம்பலம் அருணாசலம். யாழ்ப்பாணத்து வேளாளப் பெருங்குடியில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, சிவில் ஸர்வீஸில் உயர் உத்தியோகம் வகித்த அவர், ஓய்வுக்குப் பிறகு 1915-இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919-இல் தொழிலாளர் நலச் சங்கத்தையும் அமைத்து, வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கும் சட்டத்தை ஒழிக்கும்படி ஓயாது வாதாடினார். தம் வர்க்கத்தாருக்கும் தம் ஊராருக்கும் நேரடி லாபம் சிறிதும் இல்லாத காரியத்தை அவர் ஏற்றுக்கொண்டது அவருடைய மேன்மைக்குச் சான்று. இந்திய சர்க்காரின் நெருக்குதலும் சேர்ந்தது. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதையொட்டிச் சிறைத் தண்டனை ஷரத்துகளும் நீங்கின. 1922-இல் இந்தியாவில் நிறைவேறிய குடியேற்றச் சட்டத்தின் பயனாக, அடுத்த ஆண்டு இந்திய சர்க்காரின் ஏஜண்ட் ஒருவர் கண்டியில் நியமிக்கப்பட்டார். தோட்டத்துக்கு வெளியேயிருந்து ஒருவர் வந்து, லயத்தையும் செக்ரோலையும் பார்த்து, சர்க்காருக்கு அறிக்கை எழுதும் நிலையான ஏற்பாடு அதுவே முதன்முறை. விசிட்டிங் ஏஜண்டின் அறிக்கையையும் இந்த ஏஜண்டின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்த்தால், ஒரே தோட்டத்தை இருவேறு கண்கள் பார்க்கத் தொடங்கியதன் பெருமை விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் முப்பத்துமூன்று சென்ட் என்ற அளவிலேயே கூலி நெடுங்காலம் தேங்கிநின்றது. 1927-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்தது. 1929-இல் அது நடைமுறைக்கு வந்தபோது உயர்ந்த மலைப் பிரதேசத்தில் ஆணுக்கு 54 சென்ட், பெண்ணுக்கு 43 சென்ட், குழந்தைக்கு 32 சென்ட் என்று வகுக்கப்பட்டது. நண்பகல் உணவுக்கு ஒரு மணிக்கு மிகாத அவகாசம் உட்பட ஒன்பது மணி நேரம் ஒரு வேலைநாள் என்பதும் அப்போதுதான் வரையறுக்கப்பட்டது. அதற்குமுன் நாள் என்பதற்கு எல்லை இருட்டுதான். ஆயினும் ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. தோட்டத்தின் செல்வம் முழுவதும் கொழுந்து. கொழுந்து முழுவதும் பெண்ணின் கை. கூலியிலோ அவள் ஆணுக்குப் பதினொரு சென்ட் கீழே. உற்பத்திக்கு ஏற்ற ஊதியம் என்று நிர்வாகங்கள் பேசிய தத்துவம் உண்மையானால், முதலில் உயர்ந்திருக்க வேண்டியது அவளுடைய கூலி. இந்த வேற்றுமை நீங்க மேலும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1984-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி கிடைத்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழுந்தபோது குறைந்தபட்சக் கூலியும் குறைக்கப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். லாபம் பெருகிய ஆண்டுகளில் தொழிலாளிக்குப் பங்கு கொடுக்க மறந்தவர்கள், நஷ்டத்தில் பங்கு கொடுக்க மறக்கவில்லை.

சட்டம் இருந்தாலும் அதைக் கேட்டுப் பெற வாய் வேண்டும். தோட்ட எல்லைக்குள் அந்நியர் நுழைவதைத் தடுக்கும் அதிகாரம் துரையிடம் இருந்தது. உறவினர்கூட அனுமதி பெற்றே லயத்தில் தங்க இயலும். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துணி வியாபாரியைப்போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலைமையை ஆராய்ந்தார் என்று சொல்வார்கள். பத்திரிகாசிரியராயும், சட்டசபை அங்கத்தினராயும், 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவராயும் அவர் செய்த பணி பெரிது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள், எழுத்தறியாத மக்களுக்குக் கட்டுரையைவிடப் பாட்டு விரைவில் சென்று சேரும் என்பதை உணர்ந்து, தொழிலாளரின் துயரங்களைச் சிந்தாக இசைத்துக் கூட்டங்களில் பாடினார். செக்ரோலில் வரியாக இருந்தவர்கள் மேடைக்கு முன்னே ஜனங்களாகக் கூடியது அப்போதுதான்.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 10-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் துறந்தார். இதனால் எழுந்த வழக்குகளைப் பற்றி உள்நாட்டு அமைச்சர் விடுத்த வேண்டுகோளைப் போலீஸ் தலைமை அதிகாரி ஏற்க மறுத்தார். தேசாதிபதி அதிகாரியின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் கூண்டோடு ராஜிநாமாச் செய்தார்கள். ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணத்தினின்றும் எழுந்த கேள்வி, போலீஸ் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற ராஜாங்கக் கேள்வியாக வளர்ந்த விசித்திரம் இது. அமைச்சர்கள் பின்னர்த் திரும்பிவந்தனர். அந்த ராஜாங்க விவாதத்தின் ஆரவாரத்தில் கோவிந்தனின் கூலிக் கேள்வி பின்னே தள்ளப்பட்டது என்பதும் உண்மை. அவ்வாண்டிலேயே தோட்டக்காரர்களின் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. தொழிலாளியின் முறையீட்டைத் துரை கேட்டே ஆகவேண்டும் என்ற நியதி எழுத்தில் வந்தது அதன் பயன்.

பின்னர் நிகழ்ந்தவற்றை வாசகர் அறிவர். 1948-இல் சுதந்திரம் பெற்ற நாடு, அவ்வாண்டே இயற்றிய சட்டத்தால் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரைப் பிரஜாவுரிமை அற்றவர்களாக்கியது. வாக்கற்றவனுக்கு எந்த நிர்வாகமும், எந்த மந்திரியும் அஞ்ச வேண்டியதில்லை. 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் மாறினார்கள், பங்களாவும் பெரட்டும் மாறவில்லை. 1992-இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்கியது. கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. தோட்டங்கள் பலவற்றில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. கென்யாவிலும் அஸ்ஸாமிலும் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு இதைவிட மிகுதியாகப் பறிக்கிறார் என்பது கம்பெனிகளின் வாதம். தொழிலாளர்களோ மலையைக் கைகாட்டுகிறார்கள். புல் வெட்டாமல் காடு மண்டிக் கிடக்கும் மலையில், குளவிக்கும் பாம்புக்கும் அஞ்சி நடக்கும் இடத்தில், பல பத்தாண்டுகளாக மறுநடவு காணாத கிழட்டுச் செடியில், உரம் குறைந்த மண்ணில் எவர் கைதான் இருபது கிலோ பறிக்கும் என்கிறார்கள். இந்த வாதத்தில் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நான் திடமாக நம்புகிறேன். கூடையில் சேரும் எடைக்கு அவள் விரல் மட்டும் காரணமன்று. கவ்வாத்து எப்போது வெட்டப்பட்டது, உரம் எவ்வளவு இடப்பட்டது, செடி எந்த ஆண்டு நடப்பட்டது, மழை எப்படிப் பெய்தது என்பவை யாவும் காரணம். இவற்றுள் மழை ஒன்று நீங்கலாக மற்ற அனைத்தும் நிர்வாகத்தின் கடமைகள். அவற்றில் நேர்ந்த குறைவுக்கு அரைப்பேர் போடப்படுவது பறித்தவளுக்கு.

ஆகையால், கொழுந்தின் அளவைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கும் மேசைக்குத் தொழிற்சங்கத்தார் வெறும் ரூபாய்க் கோரிக்கையோடு மட்டும் போகலாகாது. இன்ன மலையில் இத்தனை ஆண்டுகளாக மறுநடவு இல்லை, இன்ன மலைக்குச் சென்ற ஆண்டு உரம் வரவில்லை, இன்ன மலையில் புல் வெட்டி எட்டு மாதமாயிற்று என்று மலைவாரியாக நிர்வாகத்தின் வேலையையும் எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும்; அந்த விவரத்தைக் கொடுக்கும்படி கம்பெனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். 1884-இல் கூலியைத் தோட்டத்தின் முதல் கடனாக்க ஒரு சட்டத்தால் முடிந்தது. இதுவும் முடியக்கூடிய காரியமே.